வேகத்தைப் படம்பிடிக்கும் பெட்டி

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் மசாமே என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஆட்டுத்தோலிலிருந்து கம்பளியைப் பிரித்தெடுக்கும் தொழிலால் பெயர்பெற்ற ஊர். 1973ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் அவ்வூர் மக்கள் விந்தையான ஒரு காரியம் செய்தார்கள். குறித்த நேரத்தில் வீட்டையும் கடையையும் ஆலையையும் விட்டு வெளியே வந்து, தெருவிலும் சாலையிலும் அசையாமல் படுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் படம் எடுத்து நாடெங்கும் காட்டினார்கள். மசாமேயின் மக்கள் தொகை 16,610. அதற்கு முந்திய ஒரே ஆண்டில் பிரெஞ்சுச் சாலைகளில் மாண்டவர்களின் தொகையும் ஏறத்தாழ அதுவே! பதினாறாயிரம் என்று வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. ஓர் ஊரே பிணமாகக் கிடப்பதைக் கண்ணால் கண்டபோது உறைத்தது.

அவ்வாண்டிலேயே பிரான்சில் ஊருக்கு வெளியே காரில் முன்னிருக்கையில் அமர்வோர் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்று சட்டம் வந்தது. சாலைகளுக்கு வேக வரம்புகளும் வகுக்கப்பட்டன. சாவு குறையத் தொடங்கியது. ஆயினும் 2001ஆம் ஆண்டில்கூட அந்நாட்டுச் சாலைகளில் 8,162 பேர் உயிரிழந்தனர். வேக வரம்பு ஏட்டில் இருந்தது, சாலையில் இல்லை. போலீசார் எங்கேனும் ஒரு வளைவில் நின்று சிலரைப் பிடிப்பார்கள். பிடிபட்டவர் யாராவது ஒரு பெரிய மனிதரைப் பார்த்து அபராதத்தைத் தள்ளுபடி செய்துகொள்வார். இது நமக்குப் புதிய செய்தியன்று!

இந்நிலையில் 2002ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், தேசிய விழாவன்று, குடியரசுத் தலைவர் ஜாக் சிராக், சாலைச் சாவைக் குறைப்பதைத் தம் ஆட்சியின் மூன்று பெரும்பணிகளுள் ஒன்றாக அறிவித்தார். 2003 அக்டோபர் 27ஆம் நாள் பாரிசுக்குத் தெற்கே ஒரு நெடுஞ்சாலையோரத்தில், ஆளில்லாமல் தானே இயங்கும் முதல் வேகக் காமிரா திறந்து வைக்கப்பட்டது. அந்தப் பெட்டி சிபாரிசு கேட்காது. ஓட்டுபவர் அமைச்சரா, ஆசிரியரா என்று பார்க்காது. எண் பலகையைப் படம் எடுக்கும். படம் ரென் என்னும் நகரிலுள்ள நடுவண் அலுவலகத்திற்குப் போகும். அங்கிருந்து வண்டியின் சொந்தக்காரருக்குக் கடிதம் வரும்.

இப்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

அதன் தந்தை என்று சொல்லத்தக்கவர் மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவர் என்றால் வியப்பாக இருக்கும். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த மாரிஸ் காட்சோனிடஸ் என்பவர் 1953ஆம் ஆண்டில் புகழ்பெற்ற மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தம் வண்டியை இன்னும் விரைவாகத் திருப்புவது எப்படி என்று ஆராய்வதற்காக, சாலையின் குறுக்கே சற்று இடைவெளிவிட்டு இரண்டு இரப்பர்க் குழாய்களைப் போட்டார். சக்கரம் முதற் குழாயை மிதித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதை மிதித்ததும் நிற்கும். தூரமும் நேரமும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடுமல்லவா? வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி, பின்னர் வேகத்தைக் குறைக்கப் பயன்பட்டது. 1958இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் காமிராக்கள் உலகின் பல நாடுகளுக்கும் சென்றன.

குழாயின் இடத்தைப் பின்னர் ரேடார் பிடித்துக்கொண்டது. இரயில் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கீச்சென்று உயர்ந்தும், நம்மைக் கடந்து போனதும் தணிந்தும் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஊதுகுழல் மாறவில்லை, இரயில் நகர்வதால் ஒலியலைகள் நெருங்கியும் விலகியும் வருகின்றன. இதை 1842ஆம் ஆண்டில் விளக்கியவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர். அவருடைய காலத்தில் மோட்டார் கார் கிடையாது! ரேடார்க் காமிரா ஒலிக்குப் பதிலாக நுண்ணலைகளை அனுப்புகிறது. அவை வண்டியில் பட்டுத் திரும்பும்போது எவ்வளவு மாறி வருகின்றன என்பதைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. வரம்பு மீறினால் படம் எடுக்கிறது.

பழைய வகைக் காமிராக்கள் அரை வினாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்தன. சாலையில் அளவாகப் போடப்பட்ட வெள்ளைக் கோடுகள் படத்தில் விழும். அரை வினாடியில் வண்டி எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணினால் ரேடாரின் கணக்குச் சரிதானா என்பது விளங்கிவிடும். மணிக்கு 50 கி.மீ. போகிற கார் அரை வினாடியில் ஏழு மீட்டர் போகும், 65 கி.மீ. போகிற கார் ஒன்பது மீட்டர். இங்கிலாந்தில் 1991இல் சட்டம் இயற்றி, 1992இல் மேற்கு இலண்டனில் இத்தகைய காமிராக்களை வைத்தார்கள். அப்போது உள்ளே பிலிம் சுருள்தான். சுருள் தீர்ந்தால் பெட்டி குருடு. ஆனால் வெளியே இருப்பவருக்கு அது தெரியாதே! அதனால் பல பெட்டிகளை நட்டுவிட்டு, சில காமிராக்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார்கள். வெறும் பெட்டியும் வேலை செய்தது. இக்காலக் காமிராக்களில் பிலிம் இல்லை. படம் எடுத்த மாத்திரத்தில் கம்பி வழியே அலுவலகம் போய்ச் சேர்கிறது.

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். மணிக்குப் பத்து, பதினைந்து கி.மீ. கூடப் போனால் என்ன குடி முழுகிவிடும்? இதற்குத்தானா இத்தனை ஏற்பாடு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும். இரண்டு கார்கள் ஒரே சாலையில் அருகருகே வருகின்றன. ஒன்றின் வேகம் 50 கி.மீ., மற்றதன் வேகம் 65 கி.மீ. சற்றுத் தொலைவில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திச் சாலைக்குள் ஓடிவருகிறது. இருவரும் ஒரே கணத்தில் அதைக் காண்கிறார்கள். கண்டவுடன் கால் பிரேக்கை மிதித்துவிடாது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் நகர ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வினாடியில் முதற் கார் 14 மீட்டரும் இரண்டாவது கார் 18 மீட்டரும் முழு வேகத்திலேயே ஓடிவிடுகின்றன. பிறகு இருவரும் ஒரே அழுத்தத்தில் பிரேக் போடுகிறார்கள். உலர்ந்த நல்ல சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டியின் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் குறையும். முதற் கார் இன்னும் 14 மீட்டர் உருண்டு, மொத்தம் 28 மீட்டரில் நின்றுவிடும். குழந்தை 28 மீட்டருக்கு அப்பால் இருந்தால் பிழைத்தது.

அதே 28ஆவது மீட்டரில் இரண்டாவது காரின் வேகம் என்ன? பலர் 15 கி.மீ. என்று விடை சொல்வார்கள். 65இல் 50 போனால் 15 அல்லவா? உண்மை விடை, ஏறத்தாழ 50 கி.மீ.! பிரேக் போடத் தொடங்கியதே 18ஆவது மீட்டரில்தான். மீதியிருந்த பத்து மீட்டருக்குள் அதனால் அவ்வளவுதான் குறைக்க முடிந்தது. முதற் கார் அமைதியாக நிற்கும் இடத்தில் இரண்டாவது கார் 50 கி.மீ. வேகத்தோடு குழந்தைமீது மோதுகிறது. ஓட்டுபவர்கள் இருவருமே நல்லவர்கள்; இருவருமே விழிப்பாக இருந்தவர்கள்; இருவருமே பிரேக் போட்டவர்கள். வேறுபாடு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் மட்டுமே.

வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுவதே இதற்குக் காரணம். வகுப்பறையில் அதை அரை எம் வி வர்க்கம் என்று நெட்டுருப் போடுகிறோம். சாலையில் அது எலும்பை முறிக்கிறது. காரின் முகப்பு மோதும்போது நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு, 50 கி.மீ. வேகத்தைக் காட்டிலும் 65 கி.மீ. வேகத்தில் நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் நில்சன் வகுத்த விதி ஒன்று இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஒரு சாலையில் எல்லா வண்டிகளின் சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்ப்பலி நேரும் விபத்துகள் நூற்றுக்கு நான்கு அளவில் கூடும் என்பது அதன் சாரம். மறுதலையாகவும் அது பொருந்தும். எல்லாரும் கொஞ்சம், மிகக் கொஞ்சம் குறைத்தால் போதும். பல உயிர்கள் தப்பும். கண்மண் தெரியாமல் பறக்கும் ஒருவனைப் பிடிப்பதைவிட, ‘கொஞ்சந்தானே’ என்று போகிற ஆயிரம் பேரை அடக்குவதே காமிராவின் பெரிய வேலை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதைப் பற்றிப் பேசுகிறது என்பது பலருக்குத் தெரிந்திராது. குடிவெறியாலோ வேக மோகத்தாலோ தமக்கும் பிறருக்கும் சாலையில் ஆபத்தை விளைவிப்போர் பெருங்குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்று 2290ஆம் எண்ணில் காணலாம். இதை எந்தக் கட்டளையின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது: கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின் கீழ். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள்ளும் முதலாவது அதுவே. புது வண்டி வாங்கினால் குருவானவரிடம் மந்திரித்து, புனித கிறிஸ்தோபர் சுரூபம் ஒன்றை முகப்பில் ஒட்டிவைப்பது நம் வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் பிரேக்கை மிதிக்க வேண்டியது நம் கால்தான், புனிதரின் காலன்று.

கொள்கை சரி, நடைமுறையில் காமிராவால் சாவு குறைந்ததா? பிரான்சின் கணக்கைப் பாருங்கள். 2002இல் 7,655 பேர் மாண்டனர், 2003இல் 6,058, 2006இல் 4,709, 2010இல் 3,992. எட்டே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி! அதே எட்டாண்டுகளில் அந்நாட்டுச் சாலைகளில் கார்களின் சராசரி வேகமும் மணிக்குப் பத்துக் கி.மீ. அளவு குறைந்தது. காமிராவின் வெற்றி என்று கைதட்டிவிடலாம் போலிருக்கிறது. சற்றுப் பொறுங்கள். ஆண்டுகளை மறுபடி பாருங்கள். மிகப் பெரிய இறக்கம் 2003ஆம் ஆண்டில் நேர்ந்தது. முதற் காமிரா வந்ததோ அக்டோபர் மாதக் கடைசியில்! ஆகவே அவ்வாண்டு தப்பிய ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு பேரையும் காமிரா காப்பாற்றியிருக்க முடியாது. குடியரசுத் தலைவரின் அறிவிப்பும், ஜூன் மாதம் வந்த கடுமையான சட்டமும், இனிப் பிடிபடுவோம் என்ற அச்சமும் முன்னதாகவே மக்களின் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வைத்துவிட்டன. பின்னர் வந்த காமிராக்கள் அந்த அச்சம் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டன என்று சொல்வது நியாயமாக இருக்கும்.

புள்ளிவிவரம் ஏமாற்றும் வேறொரு வழியும் உண்டு. கணிதத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்து மாணவியரைத் தேர்ந்து, நாள்தோறும் காலையில் ஒரு தம்ளர் பால் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்வில் அவர்களில் பெரும்பாலோர் சற்றுக் கூடுதல் மதிப்பெண் வாங்குவார்கள். பாலின் மகிமையா? அன்று காய்ச்சல், அன்று படிக்காத பாடம் வந்தது என்று ஏதோ ஒரு போதாத வேளையால் கடைசிக்குப் போனவர்கள், பால் கொடுக்காவிட்டாலும் மேலே வந்திருப்பார்கள். காமிராவையும் சென்ற சில ஆண்டுகளில் விபத்து மிகுந்த இடமாகப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். காமிரா இல்லாவிட்டாலும் அங்கே விபத்து ஓரளவு குறைந்திருக்கும். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை ஒன்று, காமிரா வைத்த இடங்களில் சாவும் படுகாயமும் நூற்றுக்கு 42 குறைந்ததாகப் பறைசாற்றியது. அதே அறிக்கையின் பின்னிணைப்போ, நகர்ப்புற இடங்களில் அக்குறைவின் பெரும்பங்கு இப்படித் தானே நேர்ந்திருக்கக்கூடியது என்று கணக்கிட்டுக் காட்டியது. எஞ்சியது சிறிது, ஆனால் அந்தச் சிறிதும் உயிர்களே. 2010ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர் பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். காமிரா அருகே விபத்துகள் நூற்றுக்கு 8 முதல் 49 வரை குறைந்திருந்தன. இடைவெளி மிகப் பெரிது. ஆயினும் திசை ஒன்றே.

காமிராவின் மேல் சொல்லப்படும் குறைகளுள் ஒன்று உண்மையானது. அதைக் கங்காரு ஓட்டம் என்பார்கள். பெட்டியைக் கண்டதும் சட்டென்று பிரேக். அதைத் தாண்டியதும் மீண்டும் பாய்ச்சல். இதனால் பின்னால் வருபவர் மோதக்கூடும். அது மட்டுமன்று, போக்குவரத்தின் ஓட்டமே குலையும். ஒருவர் போடும் பிரேக் அவரோடு நிற்பதில்லை. 2008ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்ட அழகான சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் மணிக்கு 30 கி.மீ. அளவில் சீராகப் போகச் சொன்னார்கள். விளக்குக் கம்பம் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடு இல்லை. சிறிது நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு யாரோ சற்றுத் தயங்க, பின்னவர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தயங்க, அவருக்குப் பின்னவர் நின்றே போனார்! அந்த நெரிசல் அலைபோல, கார்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில், மணிக்கு 20 கி.மீ. அளவில் பின்னோக்கி நகர்ந்தது. காரணமே இல்லாமல் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டு, காரணமே இல்லாமல் திறந்துகொள்வது இப்படித்தான்.

ஆகவே ஓரிடத்தில் மட்டும் வேகத்தை அளப்பதை விட்டு, நெடுந்தூரத்திற்குச் சராசரியை அளக்கும் முறை வந்தது. தொடக்கத்தில் ஒரு காமிரா, முடிவில் ஒரு காமிரா. இரண்டும் எண் பலகையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். இடையிலுள்ள தூரம் 5 கி.மீ., வரம்பு 80 கி.மீ. என்றால், அதைக் கடக்கக் குறைந்தது 3 நிமிடம் 45 வினாடி ஆக வேண்டும். மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டால் சராசரி 100 கி.மீ. என்று பொருள், நடுவில் எங்கே பறந்தார் என்று தேட வேண்டியதில்லை. பெட்டியைக் கண்டு பிரேக் போடுவதிலும் பயன் இல்லை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் முந்துவதும் தடம் மாறுவதும் குறைகின்றன; பிரேக் அலைகளும் அடங்குகின்றன. ஹாலந்தில் ராட்டர்டாம் நகருக்கு அருகே ஓவர்ஸ்கி என்னுமிடத்தில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வீடுகள். 2002ஆம் ஆண்டில் அங்கே வேகத்தை 80 கி.மீ. ஆகக் குறைத்து இம்முறையைக் கொண்டுவந்தார்கள். விபத்து குறைந்தது, அதோடு புகையும் இரைச்சலும் தணிந்தன. இங்கிலாந்தில் இத்தகைய சாலைகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த அறிக்கையில், மேலே சொன்ன பால் கணக்கையெல்லாம் கழித்த பிறகும், சாவும் படுகாயமும் நேரும் விபத்துகள் நூற்றுக்கு 36 குறைந்திருந்தன. எனக்குக் கேட்டால், இனி வைக்கும் காமிராக்கள் இவ்வகையாக இருப்பதே நல்லது என்பேன்.

இலண்டனைச் சுற்றி ஓடும் எம் 25 என்னும் பெருவழியில் 1995ஆம் ஆண்டு முதல் இன்னொரு புதுமையும் நடந்து வருகிறது. வண்டிகள் பெருகும் வேளையில் மேலேயுள்ள பலகைகள் வேக வரம்பைப் படிப்படியாகக் குறைத்துக் காட்டும். காமிரா அதை மீறுவோரைக் கவனிக்கும். நெரிசல் நேரத்தில் மெதுவாகப் போகச் சொல்வது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். குறுகிய கதவில் எல்லாரும் ஓடி முட்டிக்கொள்வதைவிட வரிசையாக நடந்தால் விரைவில் வெளியேறலாம் என்பது பள்ளி மணி அடிக்கும்போது வாயிலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்!

இத்தனை இருந்தும் இப்பெட்டியை மக்கள் விரும்புவதில்லை. அரசு கஜானாவை நிரப்ப வைத்த உண்டியல் என்பதுதான் பெரிய குறை. அதைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. அபராதப் பணம் வருகிறது என்பது மெய். சுவீடன் நாட்டார் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள் போலும். அங்கே இதற்கு வேகக் காமிரா என்ற பெயரே இல்லை. போக்குவரத்துப் பாதுகாப்புக் காமிரா என்று பெயர். முன்னறிவிப்புப் பலகை வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி நட்டிருக்கிறார்கள். எல்லாப் பெட்டிகளும் எல்லா நேரமும் இயங்குவதுமில்லை. பிரான்சில் கடிதம் வண்டியின் சொந்தக்காரருக்குப் போகும். சுவீடனிலோ ஓட்டியவர் யார் என்பது முகத்தைக் கொண்டு தெரிந்தால்தான் தண்டனை. 2010இல் ஸ்டாக்ஹோமில் வேடிக்கையான ஒரு சோதனையும் நடந்தது. வரம்புக்குள் ஓட்டியவர்களின் எண்களைக் குலுக்கிப்போட்டு, வரம்பு மீறியவர்கள் கட்டிய அபராதத்திலிருந்து பரிசு கொடுத்தார்கள். சராசரி வேகம் 32 கி.மீ.இலிருந்து 25 கி.மீ. ஆக இறங்கியது.

பிரான்சில் அத்தகைய பொறுமை காட்டப்படவில்லை. 2018 ஜூலை முதல் ஊருக்கு வெளியேயுள்ள பல இருவழிச் சாலைகளில் வரம்பை 90 கி.மீ.இலிருந்து 80 கி.மீ. ஆகக் குறைத்தார்கள். பேருந்தோ இரயிலோ இல்லாத கிராமப்புறத்தார் எங்கு போவதற்கும் காரையே நம்பியிருப்பவர்கள். பாரிசில் இருப்பவர்கள் தங்களைக் கேளாமல் சட்டம் போடுகிறார்கள் என்று குமுறினார்கள். அதோடு எரிபொருள் வரியும் சேர, நவம்பரில் மஞ்சள் சட்டைக் கிளர்ச்சி மூண்டது. கோபம் சாலையோரப் பெட்டிகள் மேல் பாய்ந்தது. சிலவற்றின் கண்ணாடியில் சாயம் பூசினார்கள், சிலவற்றைக் கொளுத்தினார்கள். 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சரே, நாட்டிலுள்ள காமிராக்களில் 60 விழுக்காட்டளவு சேதமாகிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் சாலைச் சாவுகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட மிகுந்தன. ஆனால் 2019ஆம் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது, 2018இல் 3,248, 2019இல் 3,244 என்று ஏறக்குறைய ஒரே அளவே. பதினைந்து ஆண்டுகளில் ஏறிய பழக்கம், பெட்டி உடைந்த மறுநாளே உடைந்துவிடவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் கூறலாம்; புதிய 80 கி.மீ. வரம்பு ஈடுகட்டியது என்றும் கூறலாம். ஓர் ஆண்டுக் கணக்கைக் கொண்டு இரண்டில் எதையும் அடித்துப் பேச இயலாது.

அதன்பின் அந்நாட்டார் நட்டுவரும் புதிய காமிராக்கள் நாலு மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் இருக்கின்றன. சாயம் பூசக் கை எட்டாது. அவற்றுள் சில வெறும் கூடு. காமிராவை ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டிற்கு அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே காரில் போகிறவருக்கு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாது.